கேடயம் யாருக்கு: திறமைக்கா, சீட்டுக்கா?

பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கம் நடத்தும் போட்டிகளில் இவ்வாண்டு போக்கர் சீட்டாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று நண்பர்கள் சிலர் செயற்குழுவுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறார்கள். காசு வைத்து ஆடுவது அன்று. வெறும் வண்ணச் சில்லுகள்தாம். ஒரு மாலைப் பொழுது ஆட்டம்; கடைசிவரை நிற்பவருக்கு, சதுரங்கத்தில் வென்றவருக்குத் தருவதுபோல், ஒரு 'மதிநுட்பக் கேடயம்'. "போக்கர் திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டதே, உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்கிறார்கள்.

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். ரம்மியும் கழுதையும் இல்லாமல், ஊருக்குப் போகும் இரண்டு நாள் இரயில் பயணத்தை யாரால் கழிக்க முடியும்? ஆட்டமே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. கேடயத்தின்மேல் பொறிக்கப்போகிற சொல்லைப் பற்றியதே என் வழக்கு. ஒரே மாலையில் ஒரே ஒரு போட்டி நடத்தி, அதில் வென்றவர் மதிநுட்பம் மிக்கவர் என்று பித்தளையில் வெட்டிக் கொடுப்பது, நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்வதாகும்.

போக்கரில் திறமை இல்லையா என்றால், உண்டு, நிறையவே உண்டு. இன்று பெரிதும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, அதன் பிறகு ஒன்று என்று, எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக்கொண்டவர் வெல்வார். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், உயர்த்தலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகவும் செய்யலாம். எதிரிகள் எல்லோரும் விலகிவிட்டால் கையில் குப்பைச் சீட்டு வைத்திருப்பவரும் வெல்வார். ஆகவே எப்போது விலகுவது, எவ்வளவு கட்டுவது, எதிரி வைத்திருப்பது இன்னதாக இருக்கலாம் என்று எப்படி ஊகிப்பது என்பனவெல்லாம் கற்றுத் தேரவேண்டியவை. வேண்டுமென்றே தோற்க நினைத்தால் போக்கரில் எளிதாகத் தோற்கலாம். பரிசுச் சீட்டில் அது முடியாது. ஓர் ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

கேள்வி, திறமை இருக்கிறதா என்பது அன்று. போட்டியின் முடிவைப் பார்த்து அந்தத் திறமை யாரிடம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்பதே. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை வாதமும்.

கையில் இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், இரண்டு ராஜா வைத்திருப்பவரோடு தம் இருப்பு முழுவதையும் கட்டி மோதுகிறார் என்று கொள்வோம். இதைவிடச் சிறந்த நிலை ஓர் ஆட்டக்காரருக்கு எளிதில் வாய்க்காது. ஆனாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறைதான் அவர் வெல்வார். எஞ்சிய முறைகளில் பெரும்பாலும் தோற்று வெளியேறுவார். போட்டியில் கடைசிவரை போகவேண்டுமென்றால் இப்படிப்பட்ட மோதல் ஒன்றல்ல, பல வரும். நூற்றுக்கு 80 என்ற நல்ல வாய்ப்போடு ஐந்து முறை மோதினால் ஐந்திலும் பிழைப்பது எத்தனை முறை? 0.8 என்பதை ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிழையே செய்யாமல் ஆடியவரும் மூன்றில் இரண்டு முறை எங்கேயோ வழியில் விழுந்துவிடுகிறார். மேசையை விட்டு எழுந்து போகிறவரைப் பார்த்து "சரியாக ஆடத் தெரியவில்லை" என்று சொல்கிறோம் நாம்.

அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் 'வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கர்' தொடரை இந்த ஆட்டத்தின் உலகப் போட்டி எனலாம். 1970-இல் அது தொடங்கியபோது, ஒருவர் மிஞ்சும்வரை ஆடும் போட்டி முறை அங்கே இல்லை. கூடியிருந்த ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சிறந்தவர் யார் என்று வாக்களித்து ஜானி மாஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பல நாள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து ஆடியவர்களின் வாக்கு, ஒரு போட்டியின் முடிவைக் காட்டிலும் திறமைக்கு நெருங்கிய சாட்சி என்றே நான் நினைக்கிறேன். மறு ஆண்டு முதல்தான் ஒருவர் மிஞ்சும்வரை ஆடுவது வந்தது.

2003-இல் அந்தத் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். வென்றவர் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்கர், டென்னசி மாநிலத்துக்காரர். இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய ஒரு தகுதிப் போட்டியின் வழியாக உள்ளே நுழைந்தவர். பரிசு 25 இலட்சம் டாலர். 'பணம் பண்ணுகிறவர்' என்று பொருள்படும் பெயரோடு ஒருவர் வந்து பணம் பண்ணிவிட்டுப் போனால் செய்தித்தாள்கள் சும்மா இருக்குமா? "அவரால் முடிந்தால் என்னால் முடியாதா?" என்று ஊரெல்லாம் கிளம்பியது. மறு ஆண்டு 2,576 பேர். 2005-இல் 5,619 பேர். 2006-இல் 8,773 பேர்.

அந்தப் போட்டியில் பத்துப் பேர் மிஞ்சியிருந்தபோது நடந்த ஒரு கை பலருக்கும் நினைவிருக்கும். மணிமேக்கரிடம் ஏஸும் ராணியும். பில் ஐவி என்னும் பேர்பெற்ற ஆட்டக்காரரிடம் இரண்டு ஒன்பது. நடுவில் முதல் மூன்று சீட்டுகள் ராணி, ராணி, ஆறு, மணிமேக்கர் முந்திவிட்டார். நான்காவது சீட்டு ஒன்பது, ஐவி முந்திவிட்டார். இருவர் பணமும் நடுவே சேர்ந்துவிட்டது. இனி ஒரு சீட்டுதான் பாக்கி. கண்ணுக்குத் தெரியாத 44 சீட்டுகளில் மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை ஏழு: மூன்று ஏஸ், மூன்று ஆறு, ஒரு ராணி. வந்தது ஏஸ். ஐவி வெளியேறினார்.

44-இல் 7. அந்தச் சீட்டைத் திருப்பும் கணத்தில் யாருடைய திறமைக்கும் வேலை இல்லை. மற்ற 37-இல் ஒன்று வந்திருந்தால் அந்தக் கணக்கரின் பெயர் உலகுக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடும். மணிமேக்கர் சரியாக ஆடவில்லை என்று நான் சொல்லவில்லை. துணிந்து நன்றாகவே ஆடினார் என்று அறிந்தவர்கள் சொல்வதுண்டு. வெற்றியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதில் எத்தனை பங்கு அவருடையது, எத்தனை பங்கு அந்த ஏஸினுடையது என்று நம்மால் பிரிக்க இயலாது என்கிறேன்.

இதையே கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். நூறு பேர் ஆடும் போட்டி. ஆளுக்கு 100 ரூபாய். வென்றவருக்கே முழுப் பணம் 10,000 ரூபாய்; நடத்துபவர் ஒரு காசும் எடுப்பதில்லை என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். சராசரி ஆட்டக்காரர் ஒருவர் வெல்லும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. கந்தன் என்று ஒருவர், நன்கு தேர்ந்தவர், அவர் வாய்ப்பு நூற்றில் ஒன்றரை. இது சிறிய உயர்வன்று. 100 ரூபாய் போட்டால் சராசரியாக 150 ரூபாய் எடுக்கும் திறமை. எந்த வங்கியும் எந்த வணிகமும் தராத இலாபம். முருகன் என்று இன்னொருவர், வெறும் சராசரி. இருவரும் இப்படிப்பட்ட போட்டிகள் நூறு ஆடுகிறார்கள்.

கந்தன் நூறிலும் ஒன்றுகூட வெல்லாமல் போக வாய்ப்பு என்ன? 0.985 என்பதை நூறு தடவை பெருக்கினால் 0.22 வருகிறது. அதாவது கந்தனைப் போன்ற திறமைசாலிகள் நூறு பேரில் 22 பேர், நூறு போட்டி ஆடியும் வெறுங்கையோடு, 10,000 ரூபாயையும் தொலைத்துவிட்டு நிற்பார்கள். முருகன் இரண்டோ அதற்கு மேலோ வென்று, போட்ட பணத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ள வாய்ப்பு என்ன? அது 0.26. முருகனைப் போன்ற சராசரிகள் நூறு பேரில் 26 பேர், "நான் ஆட்டத்தில் புலி" என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள். கையில் சான்றும் இருக்கும்.

நூறு போட்டிகளுக்குப் பிறகே இந்நிலை என்றால் ஒரு மாலைப் போட்டியைப் பற்றி என்ன சொல்வது? கந்தனையும் முருகனையும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய எத்தனை போட்டிகள் வேண்டும் என்றும் கணக்கிடலாம், ஏறத்தாழ 2,000. அப்போதுதான் முருகன் 20 முறையும் கந்தன் 30 முறையும் என்ற அளவில் விலகி நிற்பார்கள். அங்கும் நாலைந்து கூடலாம், குறையலாம். நாளுக்கு ஒரு போட்டி வீதம் ஆடினால் ஐந்தரை ஆண்டு. பொறியியல் பட்டத்துக்கு நான்காண்டு போதும். உண்மைப் போட்டிகளில் முதல்வருக்கு மட்டுமன்றி இன்னும் பலருக்குப் பரிசு உண்டு; ஆகையால் எண்கள் சற்று மாறும். ஆயினும் பரிசின் பெரும்பங்கு உச்சியில் உள்ள சிலருக்கே போவதால் போக்கு மாறாது.

அப்படியானால் திறமையைக் கண்டுகொள்ளவே முடியாதா? முடியும். ஆனால் வென்ற பிறகு பெயரைச் சொல்லக்கூடாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லவேண்டும். டான் ஹேரிங்டன் என்பவரைப் பாருங்கள். 2003-இல் 839 பேரில் மூன்றாம் இடம். 2004-இல் 2,576 பேரில் நான்காம் இடம். இரண்டு ஆண்டும் கடைசி ஒன்பது பேரில் ஒருவராய் வருவது ஒரு சராசரி ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ 27,000-இல் ஒரு முறையே வாய்க்கும். ஆஹா, திறமை நிலைநாட்டப்பட்டது என்று துள்ளிவிடக்கூடாது. 2003-இல் ஆடியவர் 839 பேர். அவர்கள் அனைவரும் மறு ஆண்டும் ஆடியிருந்தால், அவர்களில் 'யாரேனும் ஒருவர்' இப்படி இரு முறை வருவதற்கான வாய்ப்பு 32-இல் ஒன்று அளவுக்கு ஏறிவிடுகிறது. குலுக்கலில் யாரோ ஒருவருக்குப் பரிசு விழுவதில் வியப்பு இல்லையே! ஆனால் ஹேரிங்டன் 'யாரோ ஒருவர்' அல்லர். 1995-இல் இதே போட்டியில் முதல் பரிசு பெற்றவர். 2003-க்கு முன்பே, சிறந்தவர்கள் யார் என்று பட்டியல் எழுதச் சொன்னால் அதில் இடம் பெற்றிருக்கக்கூடியவர். முன்னரே எழுதிய பெயருக்கு 27,000 என்ற கணக்கு. பின்னர் பொறுக்கிய பெயருக்கு 32 என்ற கணக்கு. இந்த வேறுபாட்டை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் பத்திரிகைகளில் வரும் வெற்றிக் கதைகளில் பாதியைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் என்னும் இருவர் இந்த முறையையே பெரிய அளவில் கையாண்டார்கள். 2010-ஆம் ஆண்டுத் தொடரின் 57 போட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய பதிவுகளையும் தரவரிசைகளையும் வைத்தே தேர்ந்தவர் என்று 720 பேரைக் குறித்துக்கொண்டார்கள். பின்பு 2010-இன் முடிவுகளைப் பார்த்தார்கள். முன்னரே குறித்த கூட்டம் போட்ட பணத்துக்கு நூற்றுக்கு 30.5 இலாபம் எடுத்தது. மற்றவர் கூட்டம் நூற்றுக்கு 15.6 இழந்தது. போக்கரில் திறமை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். இது 720 பேர் சேர்ந்த கூட்டத்தைப் பற்றிய செய்தி. அந்த 720-இல் ஒருவரைத் தனியே நிறுத்தி அவர் அந்த ஆண்டு என்ன ஆனார் என்று கேட்டால், இலாபமும் இருக்கலாம், இழப்பும் இருக்கலாம்.

நம் பழங்கதையிலும் இந்தச் சிக்கல் உண்டு. நளன் புட்கரனிடம் சூதாடி நாடிழந்தான். பிறகு இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்றான். கற்ற அக்கணமே அவனைப் பிடித்திருந்த கலியும் நீங்கிற்று. திரும்பி வந்து ஆடினான், வென்றான். வென்றது கற்ற வித்தையா, கலி நீங்கியதா? இரண்டும் ஒரே வேளையில் நடந்துவிட்டபடியால் வியாசராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வித்தையைக் கற்பித்துவிட்டுக் கலியை மட்டும் இன்னும் சிறிது காலம் விட்டுவைத்திருந்தால் நமக்கு விளங்கியிருக்கும், நளன்பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

ஆனால் கலியைச் சமன் செய்ய ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் போக்கர் ஆடும் கணினி நிரல்களை உருவாக்கி, தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரோடு மோதவிட்டார்கள். 2015-இல் கிளாடிக்கோ என்ற நிரல் 80,000 கைகள் ஆடியது. மனிதர் பக்கம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட சில்லுகள் மிகுந்து நின்றன. இருந்தும் அந்த வேறுபாடு அதிர்ஷ்டத்தால் வந்ததாக இருக்கலாம் என்று, புள்ளியியல் நோக்கில் அதை உறுதியான வெற்றியாக ஆய்வாளர்கள் கொள்ளவில்லை. 80,000 கைகள்! நம் செயற்குழு ஒரு மாலையில் நூறு கைகள் நடத்தினாலே பெரிது.

2017-இல் லிப்ராட்டஸ் என்ற அடுத்த நிரல் 20 நாள்களில் 1,20,000 கைகள் ஆடி மனிதரை ஐயத்துக்கு இடமின்றி வென்றது. அந்தப் போட்டியில் கையாண்ட முறைதான் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது. ஓர் அறையில் ஒரு மனிதருக்கு எந்தச் சீட்டுகள் விழுந்தனவோ, அதே சீட்டுகள் மற்றோர் அறையில் கணினிக்கு விழுமாறு செய்தார்கள். ஏஸ் இரண்டு இங்கே மனிதர் கையில் என்றால் அங்கே நிரலின் கையில். நல்ல சீட்டும் கெட்ட சீட்டும் இரு தரப்புக்கும் ஒன்றே. ஒவ்வொரு கையும் முடிந்தவுடன் சில்லுகளைப் பழைய அளவுக்கே திருப்பி வைத்துவிட்டார்கள். ஆகவே ஒருமுறை வீழ்ந்தால் முற்றும் போயிற்று என்பதும் இல்லை. அப்படிச் சமன் செய்தும் 1,20,000 கைகள் வேண்டியிருந்தன என்பதையும் பாருங்கள்.

இந்த யோசனை போக்கருக்குப் புதியதாக இருக்கலாம். பிரிட்ஜ் ஆட்டத்துக்கு மிகப் பழையது. போட்டிப் பிரிட்ஜில் ஒரு மேசையில் பிரித்த சீட்டுகளைக் கலைப்பதில்லை. நால்வர் கைகளையும் அப்படியே தனித்தனியாக வைத்து அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். வடக்கு-தெற்காக அமர்ந்த இணையினர் எதிரே இருக்கும் கிழக்கு-மேற்கினரோடு ஒப்பிடப்படுவதில்லை. அதே சீட்டுகளை வைத்து ஆடிய மற்ற வடக்கு-தெற்கு இணைகளோடு ஒப்பிடப்படுகிறார்கள். "எனக்குச் சீட்டே வரவில்லை" என்று சொல்லித் தப்ப வழியில்லை. எதிரி செய்யும் பிழையும் ஊகம் பலிப்பதும் பலிக்காததுமாக அதிர்ஷ்டத்துக்கு அங்கும் ஒரு மூலை உண்டுதான். ஆனால் அதன் பெரும்பங்கு வெளியேற்றப்பட்டுவிட்டது. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்த ஆட்டம் இடம்பெற்றபோது பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்னும் வங்காளத்து இருவர் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கத் தயங்கும் நம் ஆய்வு மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் எளியது. 'மதிநுட்பம்' என்ற சொல்லைச் சீட்டாட்டக் கேடயத்தில் பொறித்தே ஆகவேண்டும் என்றால் இவ்வகைப் பிரிட்ஜ் வையுங்கள். பதினாறு சீட்டுக்கட்டுகளும், நான்கு பைகள் ஒட்டிய பதினாறு உறைகளும் போதும். போக்கர்தான் வேண்டும் என்றால் அதையும் வையுங்கள், நானும் வருகிறேன், வென்றவருக்குக் கரும்புக் கட்டு ஒன்று கொடுத்துக் கைதட்டுவோம்.

கேடயம் சிறிய காரியம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. "நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்ற பேச்சு நம் விடுதிகளில் கேடயத்துக்காக மட்டும் எழவில்லை.

நீதிமன்றங்கள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்வதும் திறமை என்பது காரணம். மூன்று சீட்டு ஆட்டத்தை அவ்வாறு கருதவில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் இணையவழி ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தினாலும், அவ்விரண்டையும் அப்படிப் பட்டியலில் வைத்ததை ஏற்கவில்லை. அமெரிக்காவில் 2012-இல் நியூயார்க்கில் ஜாக் வைன்ஸ்டீன் என்னும் நீதிபதி போக்கரில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பளித்தார். 2013-இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே பாராமல், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

சட்டம் எப்படிப் போனாலும் போகட்டும். 'திறமை ஆட்டம்' என்ற சொல் மாணவன் காதில் எப்படி விழுகிறது என்பதைப் பற்றியது என் கவலை. நீதிமன்றம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. கேட்பவன் தன்னைப் பற்றிப் பேசுவதாக எடுத்துக்கொள்கிறான். மல்யுத்தமும் திறமை ஆட்டம்தான். அதனால் நான் மல்லன் ஆகிவிடுவேனா? உண்மையில் 'இது திறமை ஆட்டம்' என்ற அறிவிப்பு புதியவனை அழைக்கும் சொல் அன்று, எச்சரிக்கும் சொல். வெறும் அதிர்ஷ்ட ஆட்டத்தில் புதியவன் இழப்பது, நாளாவட்டத்தில், நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு மட்டுமே. திறமை ஆட்டத்தில் அந்தப் பங்கோடு, தன்னைவிடத் தேர்ந்தவர்களுக்குச் செலுத்தவேண்டிய கப்பமும் சேர்ந்துவிடுகிறது.

பின் ஏன் அவன் எழுந்து போவதில்லை? அதிர்ஷ்டம் அவனைப் போகவிடுவதில்லை. 2024-இல் சதுரங்கத்தில் உலகப் பட்டம் வென்ற நம் குகேஷோடு நான் பணம் வைத்துச் சதுரங்கம் ஆடுவேனா? ஆடினால் முதல் ஆட்டத்திலேயே என் நிலை எனக்கு விளங்கிவிடும். இரண்டாம் ஆட்டத்துக்குச் சட்டைப்பையில் கைவிடமாட்டேன். போக்கரில் அந்த அறிவு வருவதில்லை. உலகின் மிகச் சிறந்தவர்களோடு உட்கார்ந்தாலும் ஓரிரவு நான் வெல்லலாம். ஒரு மாதம்கூட வெல்லலாம். அந்த வெற்றி என் திறமைக் குறைவை என்னிடமிருந்தே மறைத்துவிடுகிறது. தோல்வி வந்தால் "சீட்டு சரியில்லை"; வெற்றி வந்தால் "என் கணிப்பு". திருக்குறளில் சூது என்று ஓர் அதிகாரமே இருக்கிறதல்லவா? அதன் முதற்குறள் தோற்றவனைப் பற்றியது அன்று, வென்றவனைப் பற்றியது. வள்ளுவர் புள்ளியியல் படித்தவர் இல்லை. ஆனாலும் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் சில நண்பர்கள், "அந்தச் செயலிகளை எல்லாம் விட்டுவிட்டோம், இப்போது பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்கிறோம், அது திறமை" என்கிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் இழந்தார்கள் என்று செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எஞ்சிய ஏழு பேரும் கந்தன்களா, அல்லது அவர்களுக்குள்ளும் முருகன்கள் இருக்கிறார்களா என்பதை மேலே போட்ட கணக்கை வைத்து நீங்களே ஆராய்ந்துகொள்ளலாம்.

அடுத்த முறை நண்பர் ஒருவர் வென்ற தொகையைக் கைபேசியில் காட்டினால் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், "எத்தனையில்?" என்று கேளுங்கள். ஆடிய போட்டிகள் அத்தனையையும் எழுதிவைத்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை. வென்ற நாளை மறந்தவரையும் பார்க்கவில்லை. ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். நாள், கட்டிய தொகை, எத்தனை பேர் ஆடினர், எந்த இடத்தில் வீழ்ந்தோம், திரும்பி வந்த தொகை. தோற்ற நாளை விடாமல் எழுதவேண்டும். வீழ்ந்த அன்றே எழுதவேண்டும், மறுநாள் மனம் மாறிவிடும். பக்கத்துக்கு இருபத்தைந்து வரி வீதம் 2,000 போட்டிகளுக்கு எண்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்.